ஓய்வில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பாட்டரியைப் பேணும் முறை

கலப்பையை மழையில் நனையவிட்டவனையும், நுகத்தடியைக் கறையான் அரிக்கவிட்டவனையும் ஊரார் நல்ல குடியானவன் என்று மதிப்பதில்லை. வேலை முடிந்ததும் கொழுவைத் துடைத்து எண்ணெய் பூசி, ஏர்ச்சாமான்களை எரவாணத்தில் செருகி வைப்பது நம் முன்னோர் வழக்கம். இக்காலத்து விவசாயி கலப்பையோடு டிராக்டர், பம்பு எஞ்சின், மருந்து தெளிப்பான், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றையும் சாதனங்களாகக் கொண்டுள்ளான். இவை யாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத வகையில் கெடக்கூடிய உறுப்பு ஒன்று உண்டு. அதுவே பாட்டரி. மற்ற உறுப்புகள் உழைப்பினால் தேய்கின்றன. பாட்டரியோ சும்மா இருப்பதனாலேயே அழிகின்றது. அதனை ஓய்வுக் காலத்தில் சார்ஜர் கொண்டு பேணும் விதத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கு இவ்விஷயத்தின் அவசியம்

கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்திற்கும் இடையே, சென்னை–கூடூர் இருப்புப் பாதையிலும் பழைய பெரிய வடபாதையிலும் அமைந்த எளாவூரையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களையும் உதாரணமாகக் கொள்வோம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று போகங்களில் தண்ணீர் வசதிக்கேற்ப ஒன்றோ இரண்டோ இங்கு விளைகின்றன. நடவிற்கும் அறுவடைக்கும் இடையில் டிராக்டர் பல வாரங்கள் கொட்டகையில் நிற்கும். தெளிப்பான் ஒரு போகத்திற்குச் சில நாட்களே தோளில் ஏறும். மோட்டார் சைக்கிளின் நிலையும் இதுவே. இளைஞர் சிலர் சிப்காட் ஆலைகளில் வேலைக்கமர்ந்து கம்பெனிப் பஸ்ஸில் சென்று வருகின்றனர். சிலர் வெளியூருக்கோ வெளிநாட்டிற்கோ சென்றுவிடுகின்றனர். அவர்களுடைய வண்டி மாதக்கணக்கில் உறை போர்த்தித் திண்ணையோரம் நிற்கின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தெருவே சேறாகும்பொழுது, தினசரி ஓடும் வண்டியும் ஓய்வு கொள்கின்றது.

கிழக்கே பழவேற்காடு ஏரியும் வங்கக் கடலும் இருப்பதால் உப்புக் காற்று ஓயாது வீசுகின்றது. கோடையிலோ தகரக் கொட்டகையின் உள்ளே வெளிவெயிலினும் மிகுந்த வெப்பம் உண்டாகின்றது. உப்பும் ஈரமும் வெப்பமும் பாட்டரிக்குப் பகைவர்களே.

நீண்ட ஓய்வு செய்யும் தீங்கை அண்மையில் நாடு முழுவதும் கண்டது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் தேதி பொது ஊரடங்கு தொடங்கியபின் எண்ணற்ற வண்டிகள் பல வாரங்கள் அசையாது நின்றன. கட்டுப்பாடு தளர்ந்து அவற்றை எடுக்க முயன்றபொழுது, செல்ப் ஸ்டார்ட்டர் ‘டிக்’ என்று ஒலித்து நின்றுபோனதைப் பலரும் நினைவில் வைத்திருப்பர்.

நம் பகுதிக்கு இதனினும் முக்கியமான காரணம் புயலாகும். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னை, திருவள்ளூர் ஜில்லாக்களில் பெருமழையைக் கொட்டிவிட்டு, 5-ஆம் தேதி ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரை ஏறிற்று. இத்தகைய காலங்களில் மின்சாரம் நின்றுவிடும், பஸ்களும் ஓடா. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கும், ஏரிக் கரையையும் மதகையும் போய்ப் பார்ப்பதற்கும், கிராம நிர்வாக அலுவலர் பயிர்ச் சேதத்தைப் பார்வையிடுவதற்கும் மோட்டார் சைக்கிளே துணை. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை போன்ற தனி வயல் சேதங்களையும், அறுவடைக்குப் பின் வயலில் உலர்த்தக் கிடக்கும் கதிர்களுக்கு நேரும் சேதத்தையும் 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டுமென்பது விதி. புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் வண்டி கிளம்பாவிடில் நஷ்டமாவது பாட்டரியின் விலை மாத்திரமன்று. அந்நாளில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாமெனில் அதற்கு மின்சாரமும் இராது. ஆகவே புயலுக்கு முன்னரே பாட்டரி நிறைந்திருத்தல் வேண்டும்.

உதை லிவர் இல்லாத வண்டிகள்

“பாட்டரி இறங்கினால் என்ன? காலால் உதைத்துக் கிளப்பிக்கொள்ளலாமே” என்று கூறுவோர் உளர். பழைய வண்டிகள் பலவற்றிற்கு இது பொருந்தும். இப்பொழுது நிலைமை மாறிவிட்டது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்ப்புரேட்டருக்குப் பதிலாக மின்சார விசையால் பெட்ரோலைப் பீச்சும் அமைப்பு பொதுவாகிவிட்டது. அதன் பெட்ரோல் பம்பிற்கும், அதனை ஆளும் கருவிக்கும் போதிய மின்சாரம் வேண்டும். பல வண்டிகளில் உதை லிவரே இல்லை. திருவொற்றியூரில் வேரூன்றி வளர்ந்த என்பீல்டு கம்பெனியின் புல்லட் வகை வண்டிகளை உதைத்துக் கிளப்புவதையே ஒரு வித்தையாக நம் நாட்டார் கருதி வந்தனர். அக்கம்பெனி 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட புதிய கிளாசிக் 350 வண்டியில் உதை லிவர் நீக்கப்பட்டுவிட்டது. முற்றிலும் வெறுமையான பாட்டரியுள்ள இத்தகைய வண்டியைத் தள்ளிக் கிளப்புவதும் எளிதன்று. எனவே பாட்டரியைக் காப்பது முன்னிலும் அவசியமாயிற்று.

பாட்டரி சும்மா இருக்கையில் கெடுவது எவ்வாறு?

ஈயமும் கந்தகத் திராவகமும் கொண்டு மின்சாரத்தைச் சேமிக்கும் முறையைப் பிரெஞ்சு நாட்டுக் காஸ்டன் பிளாந்தே என்பவர் 1859-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். இன்று பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலும் டிராக்டர்களிலும் உள்ளது அதன் வழிவந்த பாட்டரியே. 12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். அறையினுள் ஈயத் தகடுகளும், ஈயப் பிராணிதம் பூசிய தகடுகளும், அவற்றிடையே நீர் கலந்த கந்தகத் திராவகமும் இருக்கின்றன. மின்சாரம் வெளியேறுங்கால் திராவகத்திலுள்ள கந்தகச் சத்து தகடுகளிற் சென்று படிந்து, ஈய சல்பேட்டு என்னும் வெண்ணிற உப்பாகின்றது. மறுபடி மின்சாரத்தை ஏற்றினால் அவ்வுப்பு கரைந்து பழைய நிலை வருகின்றது.

உப்பு படிந்து சில நாட்களே ஆகியிருப்பின் அது மிருதுவாயிருந்து எளிதில் கரையும். வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டாலோ, அது பெரிய பளிங்குக் கட்டிகளாக இறுகிவிடும். பின்னர் எவ்வளவு மின்சாரம் ஏற்றினும் முழுவதும் கரையாது. தகட்டின் அவ்வளவு பாகமும் பயனற்றதாகும். மடையில் மண் மேவிய வாய்க்காலை அவ்வப்போது தூர் வாங்கினால் நீர் ஓடும். பல்லாண்டு விட்டுவிட்டால் அது மேடாகிப் புல் முளைத்துவிடும். பாட்டரியின் கதியும் அதுவே. வெறுமையான நிலையில் நிற்பதே பாட்டரிக்குப் பெருங் கேடு என்பதை இதனால் அறிக.

ஓய்விலிருக்கும் பாட்டரி வெறுமையாவதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, தானே குறைதல். எவ்விதக் கம்பியும் இணைக்கப்படாவிடினும் பாட்டரி சிறிது சிறிதாக மின்சாரத்தை இழக்கும். மூடப்பட்ட வகை, 25 டிகிரி வெப்பத்தில், மாதத்திற்கு நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் இழக்கும். நீர் ஊற்றும் பழைய வகையில் இழப்பு இன்னும் அதிகம். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் இவ்விழப்பு ஏறத்தாழ இருமடங்காகும். ஆகையால் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் நிற்கும் பாட்டரி, நிழலறையில் இருப்பதைவிட வெகு சீக்கிரம் வலுவிழக்கின்றது.

இரண்டாவது, வண்டி உறிஞ்சுதல். சாவியை எடுத்த பின்னரும் கடிகாரம், எஞ்சினை ஆளும் கருவி, திருட்டு அறிவிப்பு மணி, வண்டி இருக்குமிடத்தைக் காட்டும் கருவி ஆகியவை இடைவிடாது சிறிது மின்சாரத்தை உண்கின்றன. ஒரு கணக்கைப் பார்ப்போம். 5 ஆம்பியர்-மணி பாட்டரியுள்ள வண்டி 2 மில்லி ஆம்பியர் அளவே உறிஞ்சுவதாகக் கொள்வோம். ஒரு மாதத்திற்கு 720 மணி நேரம். 720 மணிக்கு 1.44 ஆம்பியர்-மணி செலவாகும். தானே குறைவது ஏறக்குறைய 0.3 என்று சேர்த்தால் மாதம் ஒன்றுக்கு 1.74 ஆகின்றது. இரண்டு மாதங்களில் 3.48 போய்விட, எஞ்சுவது ஒன்றரை ஆம்பியர்-மணியே. அது செல்ப் ஸ்டார்ட்டரைச் சுழற்றப் போதாது. இடங்காட்டும் கருவி ஒன்று 5 மில்லி ஆம்பியர் இழுக்குமாயின், ஒரே மாதத்தில் 3.6 ஆம்பியர்-மணி தொலைந்துவிடும்.

சார்ஜர்களின் வகைகள்

பாட்டரிக் கடைகளிலும் ஒர்க்‌ஷாப்புகளிலும் உள்ள பெரிய சார்ஜர், லாரி, டிராக்டர் பாட்டரிகளுக்காக ஏற்பட்டது. அதனைச் சிறிய மோட்டார் சைக்கிள் பாட்டரிக்கு அப்படியே மாட்டுதல் தகாது. பாட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரே ஏற்றத்தக்கது என்பது நினைவில் வைக்கவேண்டிய விதி. 5 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு அரை ஆம்பியரும், 8 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 0.8 ஆம்பியரும், 75 ஆம்பியர்-மணி டிராக்டர் பாட்டரிக்கு ஏழரை ஆம்பியரும் பொருந்தும். மிகுந்த மின்சாரத்தைப் புகுத்தினால் திராவகம் கொதித்து நீர் வற்றும், தகடு வளையும்.

ஓய்வுக் காலத்திற்குரியவற்றில் இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, இடைவிடாது சொட்டு மின்சாரம் விடும் சாதாரண வகை. பாட்டரி நிறைந்ததா இல்லையா என்று இது பாராது. மலிவாயினும், வாரக்கணக்கில் மாட்டி வைத்தால் பாட்டரியை வேகவைத்துவிடும். மற்றொன்று, தானாக நிறுத்திப் பேணும் வகை. கடைக்காரர் இதனை ‘ஆட்டோமேட்டிக்’ அல்லது ‘ஸ்மார்ட்’ சார்ஜர் என்பர். இது முதலில் ஒரே அளவான மின்சாரத்தை ஏற்றும், பாட்டரி 14.4 வோல்ட்டை எட்டியபின் மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைக்கும், நிறைந்தபின் 13.5 முதல் 13.8 வோல்ட் வரையுள்ள தாழ்ந்த நிலையில் நிறுத்திப் பேணும். மாதக்கணக்கில் மாட்டி வைக்கத்தக்கது இவ்வகையே.

இவ்வளவுகள் 25 டிகிரி வெப்பத்திற்கு உரியவை. வெப்பம் 35 டிகிரியாயின் ஏறத்தாழ 0.2 வோல்ட் குறைவாக இருத்தல் நலம். வெப்பத்திற்கேற்பத் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் கிடைக்குமாயின் அதனையே வாங்குக. அவ்வசதி இல்லாத சார்ஜரைக் கோடையில் இடைவிடாது மாட்டி வையாமல், மாதம் ஒருமுறை ஏற்றி எடுத்துவிடுதல் உத்தமம்.

வாங்கும்போது மேலும் மூன்று விஷயங்களை விசாரிக்க வேண்டும். மின்சாரம் நின்று மறுபடி வந்ததும் சார்ஜர் தானே வேலையைத் தொடர்கிறதா? மின்சாரம் நின்றபொழுது பாட்டரியிலிருந்து மின்சாரத்தைத் திருப்பி உறிஞ்சாதிருக்கிறதா? முனைகளை மாற்றி மாட்டிவிட்டால் கெடாதிருக்கும் பாதுகாப்பு உண்டா? அடிக்கடி மின்தடை உண்டாகும் கிராமங்களுக்கு இவை மிகவும் வேண்டியவை. லிதியம் வகைப் பாட்டரி பொருத்திய வண்டியாயின் அதற்கென ஏற்பட்ட சார்ஜரையே உபயோகிக்க வேண்டும்.

செய்முறை

வண்டியை மூன்று வாரத்திற்கு மேல் நிறுத்த நேருமாயின் கீழ்க்கண்டவாறு செய்க.

1. சாவியை அணைத்து, முதலில் கழித்தல் குறியுள்ள எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக; பிறகு கூட்டல் குறியுள்ள நேர்முனைக் கம்பியைக் கழற்றுக. திரும்பப் பொருத்துகையில் நேர்முனையை முதலிலும் எதிர்முனையைக் கடைசியிலும் பொருத்துக. வரிசை மாறினால், ஸ்பேனர் வண்டியின் இரும்புச் சட்டத்தில் பட்டுத் தீப்பொறி எழும்.

2. பாட்டரியின் மேற்புறத்தை உலர்ந்த துணியால் துடைக்க. அழுக்கும் ஈரமும் இரு முனைகளுக்கிடையே ஒரு பாதையாகி மின்சாரத்தைக் கசியவிடும். முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பூப்பு இருப்பின், ஆப்பச் சோடாவை நீரில் கரைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவுக. சோடா நீர் அறையினுள் புகலாகாது. உலர்ந்தபின் முனைகளில் வாசலின் தடவுக. நம் பக்கத்து உப்புக் காற்றிற்கு இது இன்றியமையாதது.

3. நீர் ஊற்றும் வகையாயின், மேல் கோட்டிற்கும் கீழ்க் கோட்டிற்கும் இடையே திராவகம் நிற்கின்றதா என்று பார்த்து, குறைவாயின் கடையில் விற்கும் வாலை நீரை மட்டும் ஊற்றுக. கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் தகட்டைக் கெடுக்கும். தகடு வெளியே தெரியுமாயின் தகடு மூழ்கும் அளவிற்கு ஊற்றிவிட்டு, சார்ஜ் ஏறியபின் மேல் கோடு வரை நிரப்புக. மூடப்பட்ட வகையைத் திறக்க முயலாதீர்.

4. காற்றோட்டமுள்ள நிழலிடத்தில் வைத்து, சார்ஜரின் சிவப்புக் கவ்வியை நேர்முனையிலும் கறுப்புக் கவ்வியை எதிர்முனையிலும் மாட்டுக. அதன் பின்னரே சுவரிலுள்ள சுவிட்சைப் போடுக. எடுக்கும்பொழுது சுவிட்சை முதலில் அணைத்துப் பின் கவ்விகளை எடுக்க.

5. பாதி வெறுமையான 5 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு அரை ஆம்பியரில் ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். இரவு முழுவதும் விட்டால் போதும். பாட்டரியைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருப்பின் உடனே நிறுத்துக.

6. நிறைந்தபின், தானாகப் பேணும் சார்ஜர் உள்ளவர் அதிலேயே விட்டு வைக்கலாம். மற்றையோர் கம்பியைக் கழற்றிய நிலையில் குளிர்ந்த அறையில் வைத்து, மாதம் ஒருமுறை ஓர் இரவு ஏற்றி வருக.

அளந்தறிதல்

கடையில் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றிருந்தால் பாட்டரியின் நிலையை எவரும் அறியலாம். சார்ஜரை எடுத்த உடனே அளந்தால் மேலோட்டமான மிகுதியையே காட்டும். குறைந்தது ஐந்தாறு மணி நேரம் விட்டு அளக்க வேண்டும்.

12.7 வோல்ட் அல்லது மேற்பட்டு: நிறைந்துள்ளது.
12.4 வோல்ட்: முக்கால் பங்கு.
12.2 வோல்ட்: பாதி.
12.0 வோல்ட்: கால் பங்கு.
11.8 வோல்ட்டுக்குக் கீழ்: வெறுமை.

மூடப்பட்ட வகையில் நிறைந்த நிலை சற்று உயர்ந்தும் காட்டும். 12.4-க்கு இறங்கியவுடனே ஏற்றிவிடுதல் வேண்டும். பாதிக்கு இறங்கும் வரை காத்திருத்தல் தவறு. நிறைந்த பாட்டரியை வண்டியில் பூட்டி ஸ்டார்ட்டரை அழுத்தும்போது வோல்ட் 9.6-க்குக் கீழே விழுமாயின் அப்பாட்டரி முதுமையடைந்தது எனக் கொள்க. டிராக்டர் பாட்டரியில் ஹைட்ராமீட்டரால் ஒவ்வோர் அறையையும் தனித்தனியே சோதிக்கலாம். நிறைந்த நிலையில் தயாரிப்பாளர் குறித்த அளவு, பெரும்பாலும் 1.240 முதல் 1.280 வரை, காட்ட வேண்டும். ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் 0.050-க்கு மேல் வித்தியாசமிருந்தால் குறைந்த அறை பழுதடைந்துவிட்டது.

ஜனங்களிடையே வழங்கும் சில எண்ணங்கள்

பாட்டரியைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் மின்சாரம் தரையில் இறங்கிவிடும் என்பர். மரப்பெட்டியிலும், தார் கலந்த ரப்பர்ப் பெட்டியிலும் பாட்டரிகள் அமைந்திருந்த காலத்தில் ஈரத் தரையால் கசிவு நேர்ந்ததுண்டு. இப்பொழுதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அப்பயம் இல்லை. ஆயினும் வெள்ளம் புகக்கூடிய வீடுகளில் பலகை மேல் உயர வைப்பது வேறு காரணத்தால் நல்லதே.

வாரம் ஒருமுறை வண்டியைக் கிளப்பி ஐந்து நிமிஷம் ஓடவிட்டால் பாட்டரி நிறையும் என்பது மற்றோர் எண்ணம். 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கும் எரியவேண்டுமென்ற விதி உள்ளது. நின்ற நிலையில் மெதுவாக ஓடும் எஞ்சின் தரும் மின்சாரத்தில் பெரும் பகுதி அவ்விளக்கிற்கே போய்விடும். அன்றியும், சூடேறாத எஞ்சினுள்ளும் புகைக் குழாயினுள்ளும் ஈரம் தங்கித் துருவுக்கு இடமாகும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டிவர இயலுமாயின் அது நற்பயன் தரும். இயலாவிடில் சார்ஜரே தக்க வழி.

வலுவிழந்த பாட்டரியில் புதுத் திராவகம் ஊற்றினால் உயிர் பெறும் என்பதும் பிழை. குறைவது நீரேயன்றித் திராவகமன்று. மேலும் திராவகம் ஊற்றினால் தகடுகள் அரிக்கப்பட்டு ஆயுள் குறையும்.

டிராக்டரும் தெளிப்பானும்

மேற்கூறியவை யாவும் டிராக்டருக்கும் பொருந்தும். வயலோரக் கொட்டகையில் மின்சாரம் இல்லையெனில் 10 வாட் அளவுள்ள சிறிய சூரிய ஒளித் தகட்டினால் பாட்டரியைப் பேணலாம். ஆனால் இடையில் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். 12 வோல்ட் தகடு எனப்படுவதே நல்ல வெயிலில் 18 முதல் 22 வோல்ட் வரை எழக்கூடும்.

தோளில் சுமக்கும் பாட்டரித் தெளிப்பான்கள் பலவற்றில் 12 வோல்ட், 8 அல்லது 12 ஆம்பியர்-மணி கொண்ட மூடப்பட்ட பாட்டரியே உள்ளது. கடைசித் தெளிப்பு முடிந்த அன்று மருந்துத் தொட்டியைக் கழுவுவோர் பலர். பாட்டரியை நிறைத்து வைப்போர் சிலரே. அடுத்த போகத்தில் பூச்சி கண்டவுடன் எடுத்தால் கால் மணி நேரத்தில் நின்றுவிடுகின்றது. பழுது கருவியில் இல்லை. இறங்கிய பாட்டரியோடு மூன்று மாதம் மூலையில் வைத்ததிலேயே உள்ளது. கடைசித் தெளிப்பன்றே நிறைத்து வைத்து, மாதம் ஒருமுறை ஏற்றி வருக.

அபாயங்களும் முன்னெச்சரிக்கையும்

சார்ஜ் ஏறுகையில் பாட்டரியிலிருந்து ஜலவாயுவும் பிராணவாயுவும் வெளிப்படும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஜலவாயு கலந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். ஆகவே சமையலறை, பூஜை விளக்கெரியும் அறை, வைக்கோற்போர் உள்ள கொட்டகை ஆகிய இடங்களில் இவ்வேலையைச் செய்யலாகாது. அருகில் பீடி, சுருட்டுப் பிடித்தலும் கூடாது. நீர் ஊற்றும் வகையாயின் மூடிகளைத் தளர்த்தி வைக்க. திராவகம் உடலிற் பட்டால் ஏராளமான தண்ணீரால் உடனே கழுவுக. கண்ணிற் பட்டால் கால் மணி நேரம் இடைவிடாது கழுவி டாக்டரிடம் செல்க. மண்ணோடு இணைப்புள்ள மூன்று துளைச் செருகியையே உபயோகிக்க. குழந்தைகளுக்கும் மாடுகளுக்கும் எட்டாத இடம் தேடுக.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் சாவியைத் திருப்பிப் பார்ப்பது பெருந் தவறு. முதலில் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, பாட்டரியை எடுத்து, நல்ல நீரால் வெளிப்புறத்தைக் கழுவி, உலர்த்தி, அளந்து பார்க்க. வண்டியை மெக்கானிக் சோதித்த பின்னரே கிளப்ப வேண்டும்.

செலவும் ஆதாயமும்

பேணும் நிலையிலுள்ள சார்ஜர் இடைவிடாது 3 வாட் கொள்வதாக வைத்துக்கொண்டால், ஒரு மாதத்திற்கு 2.16 யூனிட்டே செலவு. மாதம் ஓரிரவு மட்டும் 20 வாட் வீதம் பத்து மணி நேரம் ஏற்றுபவருக்கு 0.2 யூனிட்டே ஆகும். பாட்டரியோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ளது. டிராக்டர் பாட்டரி அதனினும் பன்மடங்கு. நன்கு பேணிய பாட்டரி மூன்று நான்கு ஆண்டுகள் உழைக்கும். வெறுமையாகக் கிடந்தது ஒரே பருவத்தில் மாளும். இரண்டு பாட்டரிகளின் ஆயுளைக் கூட்டினாலே சார்ஜரின் விலை திரும்பிவிடும்.

ஒவ்வொருவரும் தனித்தனியே சார்ஜர் வாங்கவேண்டுமென்பதில்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமோ, உழவர் குழுவோ, ஒரு தெருவைச் சேர்ந்த நாலைந்து குடும்பங்களோ சேர்ந்து ஒரு நல்ல சார்ஜரும் ஒரு மல்டிமீட்டரும் வாங்கி முறை வைத்து உபயோகிக்கலாம். ஒரு சார்ஜர் ஓர் இரவுக்கு ஒரு பாட்டரி வீதம் மாதத்திற்கு முப்பது பாட்டரிகளைக் காக்கும். கிராம அலுவலர்கள் இதனை முன்னின்று ஏற்பாடு செய்வார்களாயின், மழைக் காலத்தில் தங்கள் அலுவலுக்கும் அது உதவியாகும்.

மாண்ட பாட்டரியை என் செய்வது?

எவ்வளவு பேணினும் பாட்டரிக்கு முடிவு உண்டு. பழையதை உடைத்து ஈயத்தைத் தனியே எடுத்து விற்பதும், திராவகத்தை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டுவதும் மிகக் கொடியவை. ஈயம் மண்ணிற் கலந்தால் நீங்காது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். அம்மண்ணில் விளையும் கீரையிலும் அங்கு மேயும் மாட்டின் பாலிலும் சேரும். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், தயாரிப்பாளர்கள் பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேகரித்துப் புதுப்பிக்கச் செய்யவேண்டுமென்று விதிக்கின்றன. புதியது வாங்கும்பொழுது பழையதை உடையாமல் கடையில் கொடுத்தால் விலையிலும் கழிவு கிடைக்கும். தெருவில் வரும் பழஞ்சாமான் வியாபாரியிடம் போடாமல், ரசீது தரும் கடையிலேயே கொடுக்க.

காலக் குறிப்பு

ஆடி மாதத்தில் தெளிப்பான் பாட்டரியைச் சோதித்துச் சம்பாவிற்குத் தயார் செய்க. புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், மோட்டார் சைக்கிள், டிராக்டர் பாட்டரிகளை நிறைத்து, முனைகளுக்கு வாசலின் இடுக. ஐப்பசி முதல் மார்கழி வரை மாதம் இருமுறை அளந்து, வானிலை நிலையத்தார் புயல் எச்சரிக்கை விடுத்த அன்றே, மின்சாரம் நிற்குமுன், ஒருமுறை ஏற்றிவிடுக. நவரை அறுவடைக்குப் பின் கோடை முழுவதும் வாலை நீரின் அளவைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பார்த்து வருக. இவ்வேலைகள் ஒவ்வொன்றிற்கும் கால் மணி நேரத்திற்கு மேல் பிடியாது. மழைக்கு முன் வரப்பையும் வடிகாலையும் செப்பனிடும் விவசாயி, அவற்றோடு இதனையும் ஒரு வேலையாகச் சேர்த்துக்கொள்வாராக.